ம்தீனாவில் ஒரு தற்செயல்

ஆச்சரியப்படுவதற்குச் செல்வரத்தினம் சில வாரங்களாகவே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் அவருடைய வீட்டு ஹோலில், பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவுக்கும், பழைய மாணவர் சங்கம் அதன் தலைவராகிய அவருக்கு அவருடைய தலைமையிலேயே வழங்கிய கேடயங்களுக்கும் நடுவில் ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது. அதன் முன் நின்று முதலில் வலது புருவத்தை உயர்த்துவார். பிறகு ஓர் அடி பின்வாங்குவார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, "அட, நீங்களோ! உலகம் எவ்வளவு சின்னன் பாருங்கோ!" என்பார். குசினிக்குள்ளிருந்து மனைவி தவநாயகி எட்டிப் பார்த்து, "கை விரிச்சது கூடிப்போச்சு. சீட்டுப் பிடிச்சவன் ஓடிப்போய் ஆம்பிட்ட மாதிரிக் கிடக்கு" என்பாள். அவர் கையை அரையடி குறைத்துக்கொண்டு மீண்டும் ஆச்சரியப்படுவார்.

கோயிலில் வைத்துப் பெண் பார்க்கிற வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவராக இருக்கவேண்டும். இரண்டு குடும்பங்களும் ஒரே பூசைக்குத் தற்செயலாக வரும். தற்செயலாகப் பட்டுச்சேலை உடுத்தியிருக்கும். தற்செயலாக ஒரே தூணடியில் நிற்கும். எதற்காக வந்தோம் என்று ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. சரிவராவிட்டால் யாரும் யாரையும் வேண்டாமென்று சொன்னதாகாது. சாட்சி சாமி மட்டும்தான், சாமி வெளியில் போய்க் கதைக்காது. செல்வரத்தினத்தின் ஒரே மகள் சந்திரவதனா லண்டன் கோயில்களில் இப்படி நான்கு முறை தற்செயலாக நின்றிருக்கிறாள். நான்காம் முறை திருநீறு கொடுத்த ஐயரே, "இண்டைக்கும் தற்செயலோ பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார். அந்த நால்வரில் ஒருவரோடுகூட அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. எவருடைய குரல் எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியாது. ஒருவர் இருமினார், அது மட்டும் நினைவிருக்கிறது.

அவளுக்கு முப்பத்துமூன்று வயது. அப்டன் பார்க்கில் இருந்த கலியாணத் தரகர் பத்மநாதன் அதை இருபத்தொன்பதாக்கி வைத்திருந்தார். குறொய்டனில், கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் வேலை. வீடில்லாத சனங்களுக்கு வீடு ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் தன்னுடைய ஒன்பது வயதில் கொடுக்கப்பட்ட அதே சின்ன அறைக்குத் திரும்பிவருவாள். கடந்த மாதம் பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஓர் அறையும் ஒரு யன்னலும் உள்ள பிளாட் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். வீட்டில் அதை அறிவித்தபோது செல்வரத்தினம் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றார்.

"கலியாணம் கட்டாத பொம்பிளைப்பிள்ளை தனி வீட்டிலையோ? சங்கத்திலை என்ன சொல்லுவினம்?"

"சங்கத்திலை இருக்கிறதே பதினொரு பேர், அப்பா."

"தரமான பதினொரு பேர்."

கடைசியில் ஓர் உடன்பாடு. இன்னும் ஒரே ஒரு தற்செயல். அதுவும் சரிவராவிட்டால் அவள் மிச்சத்துக்குப் போவாள், ஒருவரும் மறிக்கக்கூடாது. சரிவந்ததா இல்லையா என்று யார் முடிவுசெய்வது என்பதை மட்டும் அந்த உடன்பாட்டில் ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. இப்படியான உடன்பாடுகளில் அதைத்தான் சொல்லாமல் விடுவார்கள்.

மாப்பிள்ளையின் பெயர் குகதாசன். இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் இருந்தார். "ஹொட்டல் மனேஜ்மென்ற்" என்றார் பத்மநாதன், அந்த இரண்டு சொற்களையும் தேன் தொட்டுக் கொடுப்பதுபோல. லண்டன் வர அவருக்கு விசா கிடைக்காது. பலெர்மோவுக்கு இவர்கள் போகலாம்தான். ஆனால் பெண்வீட்டார் மாப்பிள்ளையைத் தேடிக் கடல் கடந்து போனார்கள் என்ற கதை தோர்ண்டன் ஹீத்துக்கு இவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும். பத்மநாதன் தேசப்படத்தை விரித்து நடுக்கடலில் ஒரு புள்ளியில் விரலை வைத்தார். மால்டா. லண்டனிலிருந்து மலிவான பக்கேஜ் ஹொலிடே. சிசிலியிலிருந்து கப்பலில் சில மணி நேரம். தீவின் நடுவில் ம்தீனா என்று மதில் சூழ்ந்த ஒரு பழைய நகரம். சனிக்கிழமை காலை, பெரிய தேவாலயத்துக்கு முன்னால். மாப்பிள்ளையோடு அவருடைய சித்தப்பாவும் சித்தியும் வருவார்கள். பிறகு கடவுள் விட்ட வழி.

அது தொண்ணூற்றுநான்காம் ஆண்டு சித்திரை மாதம். செல்வரத்தினம் சங்கத்தில், தான் சரித்திர ஆராய்ச்சிக்காகப் போவதாக அறிவித்தார். பதினொரு பேரும் கைதட்டினார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார் என்பது பதினொரு பேருக்கும் தெரியும்.

ம்தீனாவின் வாசலில் இருந்த கல்பாலத்தில் அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. தேன் நிறத்தில் மதில். அதற்குக் கீழே தண்ணீரில்லாத அகழியில் யாரோ ஒழுங்காக, ஆரஞ்சுப் பழம் தொங்கும் தோடை மரங்கள் நட்டிருந்தார்கள். செல்வரத்தினம் மூன்று துண்டு சூட்டில், கையில் தோர்ண்டன் ஹீத் நூலகத்துப் புத்தகத்தோடு பாலத்தின் நடுவில் நின்றார். "நல்லாப் பாருங்கோ. மத்தியகாலம்" என்றார், கால்வாசிப் பங்கு தனக்கும் உள்ளதுபோல. தவநாயகி மத்தியகாலத்தைப் பார்க்கவில்லை. மகளின் கால்களைப் பார்த்தாள். மாம்பழ மஞ்சளில் காஞ்சிபுரம் பட்டு, அரக்குக் கரை, கரைக்குக் கீழே வெள்ளை ட்ரெயினர் சப்பாத்து.

"எடி, இது என்ன கோலம்?"

"கல்லு ரோட்டு, அம்மா. ஹீல்ஸ் போட்டா விழுவன்."

"மாப்பிளையின்ரை சித்தி முதல்லை காலைத்தான் பாப்பா."

"பாக்கட்டும். ஓடத் தயார் எண்டு விளங்கும்."

குதிரைவண்டிக்காரன் ஒருவன் அவர்களிடம் வந்து, நீங்கள் நாட்டியக் குழுவா, நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஜப்பான்காரச் சுற்றுலாக் கூட்டமொன்று மதிலை விட்டுவிட்டு சந்திரவதனாவைப் படம் எடுத்தது. செல்வரத்தினம் அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் இடம்பிடித்தார்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். சிங்கங்கள் செதுக்கிய வாசலுக்குள்ளிருந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு பெரியவர், ஓர் அம்மாள், காதில் வோக்மன் மாட்டிய, இருபதைத் தாண்டிய ஒரு பையன். தமிழர்கள். இந்தக் கற்கோட்டையில், இந்தக் காலை வேளையில் வேறு யாராக இருக்கமுடியும்? செல்வரத்தினத்தின் வலது புருவம் தானாகவே உயர்ந்தது. அவர் பின்வாங்கினார். கைகளை, அரையடி குறைத்தே, விரித்தார்.

"அட, நீங்களோ! உலகம் எவ்வளவு சின்னன் பாருங்கோ!"

வந்தவர் டொக்டர் சேஷாத்ரி. சென்னைக்காரர். இருபது வருடமாக லண்டனில், ஹாரோவில் எலும்பு வைத்தியம். மனைவி லலிதா, பையன் அவர்களுடைய மகன். ஈஸ்டர் விடுமுறை. ஆயிரக்கணக்கான முழங்கால்களைப் பார்த்த மனிதருக்கு முகங்கள் நினைவிருப்பதில்லை. அந்தக் குறை அவருக்கு நீண்டகாலச் சங்கடம். தெரியாது என்று சொல்லி ஒரு பழைய நோயாளியை நோகடிப்பதைவிடத் தெரியும் என்று தலையாட்டிவிடுவது நல்லது என்று எப்போதோ முடிவுசெய்திருந்தார்.

"அடடே, நீங்களா! எப்படி இருக்கீங்க? இப்போ முட்டி வலி பரவாயில்லையா?"

செல்வரத்தினம் ஒரு கணம் அசந்துபோனார். மாரிகாலத்தில் அவருக்கு முழங்கால் குத்துவது உண்மைதான். பத்மநாதன் முழங்கால் வரைக்கும் விசாரித்துச் சொல்லியிருக்கிறார்! அவர் தவநாயகியின் காதோடு, "நல்ல இடம். வடிவா விசாரிச்சிருக்கினம்" என்றார்.

"தமிழ் வேறை மாதிரிக் கிடக்கே?" என்றாள் தவநாயகி.

"நடிக்கினம். ஆருக்கும் தெரியக்கூடாதெல்லே. கெட்டிக்காரர்."

"நாங்க லண்டன்லேருந்து நேத்துதான் வந்தோம்" என்றார் சேஷாத்ரி.

"ஓமோம், லண்டனிலையிருந்து!" என்று செல்வரத்தினம் கண் சிமிட்டினார். டொக்டரும், ஏன் என்று தெரியாமலே, மரியாதைக்கு ஒருமுறை கண் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலோடு காரியம் பாதி முடிந்துவிட்டதாகச் செல்வரத்தினம் நினைத்தார். எதற்காக வந்தோம் என்று யாரும் வாய் திறக்காத ஒரு வழக்கத்தில், வந்த ஆள் மாறிவிட்டால் கண்டுபிடிப்பதற்கு ஒரு வழியும் இல்லை. கோயிலில் இந்தப் பிரச்சினை வருவதில்லை. அங்கே எந்தத் தூணடி என்று முதலே சொல்லிவிடுவார்கள். இங்கேயும் சொல்லித்தான் இருந்தார்கள். தேவாலயத்துக்கு முன்னால் என்று. ஆனால் ஆச்சரியப்படத் தயாராக வந்த மனிதரிடம் அதுவரை பொறுக்கச் சொல்ல யாராலும் முடியாது.

சந்திரவதனா தாயின் முழங்கையைப் பிடித்தாள். பத்மநாதன் கொடுத்த படத்தை, நீலத்திரைக்கு முன்னால் விறைத்து நின்ற அந்த மனிதரை, அவள் ஒருவருக்கும் தெரியாமல் பல தடவை எடுத்துப் பார்த்திருந்தாள்.

"அம்மா, இது அவையில்லை."

"மீசையை எடுத்திட்டார். சும்மா இரு" என்றாள் தவநாயகி, வோக்மன் பையனைப் பார்த்தபடி.

"மீசையோடை பத்து வயசையும் எடுத்திட்டாரோ?"

தவநாயகி கிள்ளினாள். அதற்குள் சேஷாத்ரி, மதில் மேலே ஒரு தேநீர்க்கடை இருப்பதாகவும் அங்கே சொக்கலேட் கேக் நன்றாக இருப்பதாகவும் சொல்ல, எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். செல்வரத்தினம் முன்னே போய், வழியிலிருந்த மாளிகைகள் ஒவ்வொன்றையும் யார் கட்டியது என்று விளக்கினார். புத்தகத்தில் இல்லாத இடங்களில், தன் ஊர்க் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர் என்று சொன்னார். கேக் வந்தது. சந்திரவதனா உட்காரவில்லை.

"நான் டொய்லெட்டுக்குப் போட்டு வாறன்."

அவள் போனதும் தவநாயகி குனிந்து லலிதாவிடம், "வெக்கம்" என்றாள் பெருமையோடு.

"பாத்ரூம் போறதுக்கா?" என்றாள் லலிதா.

ம்தீனாவின் தெருக்கள் நேராகப் போவதில்லை. அம்பு தூரம் போகாமலிருக்க அப்படி வளைத்துக் கட்டினார்களாம். பஸ்ஸில் அப்பா சொன்னார், அது உண்மையாகவும் இருக்கலாம். முன்னால் வருகிற ஆளைக் காண முன்னர் அவருடைய குரல் வந்துவிடும். ஆள் போன பின்னும் குரல் கொஞ்சநேரம் சுவரோடு நிற்கும். சந்திரவதனா வேகமாக நடந்தாள். கதவுகளில் தட்டுவதற்கு மீன் வடிவத்துப் பித்தளைப் பிடிகள். யன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. இங்கே இருக்கிறவர்கள் எல்லாம் பரம்பரைப் பிரபுக்களாம். ஒருவர் வீட்டிலும் சட்டி சுரண்டும் சத்தம்கூட இல்லை. எந்தச் சந்தில் திரும்பினாலும் கடைசியில் மதில் வந்தது. மதிலைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். பச்சைக் கதவொன்றை மறுபடி கண்டாள். இன்னொரு முறையும் கண்டாள். பெரிய வீட்டுப் பெயரைக் காப்பதற்கு இவ்வளவு கல்லா என்று நினைத்தாள். தோர்ண்டன் ஹீத்தில் இதே வேலையைப் பதினொரு பேரும் சில கேடயங்களும் செய்துவிடுகின்றன.

ஒரு வளைவில் வாசல் தெரிந்தது. அதற்கப்பால் பாலம், பஸ், எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. ஏறினால் ஹொட்டல், பெட்டி, லண்டன், திங்கட்கிழமை மிச்சம். கேக் சாப்பிடுகிறவர்கள் சம்பந்தம் பேசியே முடித்திருப்பார்கள், பேசாமலேயே. அவள் சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மனிதன் கடல் கடந்து வந்து எங்கேயோ காத்திருக்கிறான், அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் இவளும் போனால் அது ஐந்தாவது தூணடி. அவள் திரும்பித் தேவாலயத்துப் பக்கம் நடந்தாள்.

தேவாலயத்துக்கு முன்னால் இரண்டு பழைய பீரங்கிகள் இருந்தன. ஒன்றின் அருகே படியில், காலடியில் பிளாஸ்டிக் பையோடு ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். படத்திலிருந்த மீசை, படத்தில் இல்லாத நரை. கைகள் குட்டையான ஒரு பழுப்பு சூட். தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவன், பட்டுச்சேலையைக் கண்டதும் துள்ளி எழுந்தான். வலது புருவத்தை உயர்த்தினான். ஓர் அடி பின்வாங்கினான், பீரங்கி இடித்தது.

"அட, நீங்களோ! உலகம் எவ்வளவு சின்னன்..."

அவள் சிரித்துவிட்டாள். நிறுத்த முடியவில்லை. சுவருக்குச் சுவர் அந்தச் சிரிப்பு தட்டித் திரும்பியது. குகதாசன் விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"பத்மநாதன் அங்கிள் சொல்லித் தந்தவரோ?"

"ஓம். போனிலை. ரெண்டு தரம் சொல்லிப் பாக்க வைச்சவர்."

"எங்கடை அப்பாவுக்கும் இதேதான். ஆனா அவர் சொல்லி முடிச்சிட்டார். வேறை ஆக்களுக்கு."

அவள் நடந்ததைச் சொன்னாள். முழங்கால் கதை வந்தபோது அவனும் சிரித்தான். பிறகு இருவரும் படியில், நடுவில் பையை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தார்கள்.

"உங்கடை சித்தப்பா, சித்தி?"

"விசா குடுக்கேல்லை. எனக்கு மட்டும்தான். பின்னேரக் கப்பலுக்குத் திரும்பிப் போகவேணும்." கொஞ்சம் யோசித்து, "அவை வந்திருந்தா இவ்வளவு கதைச்சிருக்கேலாது" என்றான்.

"நீங்கள் எந்த ஹொட்டல்?"

"ஹொட்டலோ?" அவன் சப்பாத்தைப் பார்த்தான். "நான் ஒரு வீட்டிலை வேலை செய்யிறன். கிழவி ஒண்டு, பெரிய பரம்பரை. இப்பிடித்தான் ஒரு கல்வீடு. கூட்டுறது, சமைக்கிறது, அவவைக் குளிக்க வாக்கிறது, எல்லாம் நான்தான். இந்தச் சூட் அவவின்ரை மகன்ரை. பத்மநாதனுக்கு நான் உள்ளதைத்தான் சொன்னனான். அவர், மனேஜ் பண்ணுறதெண்டா மனேஜ்மென்ற்தானே எண்டார்."

"எனக்கு முப்பத்துமூண்டு" என்றாள் சந்திரவதனா.

"இருபத்தொன்பதெண்டு..."

"தெரியும்."

"எனக்கு முப்பத்தெட்டு. அதை அவர் மாத்தேல்லை. ஆம்பிளையளுக்குத் தேவையில்லையாம்."

அவன் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்தான். உள்ளே சிவப்பு. பழுதாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். "அங்கை இது இப்பிடித்தான்" என்று பாதியை நீட்டினான். புளிப்பும் இனிப்புமாக, லண்டன் கடையில் வாங்கிய எதையும் போல் இல்லாமல் இருந்தது.

"சனம் சொல்லும், லண்டன் வாறதுக்குத்தான் கட்டுறான் எண்டு" என்றான். "லண்டன் வர விருப்பம்தான். அதை மறைச்சு என்ன செய்யிறது? ஆனா அதுக்காக மட்டுமெண்டா வேறை வழியள் இருக்கு. பயமான வழியள். இது அதைவிடப் பயமாக் கிடக்கு."

அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. ஆனால் கால் நிலைகொள்ளவில்லை. சப்பாத்து நுனி கல்லைத் தட்டிக்கொண்டே இருந்தது. மிச்சத்து அறையைப் பற்றிச் சொன்னாள். மருந்துக்கடை, யன்னல், திங்கட்கிழமை.

"அந்த யன்னலிலை என்ன தெரியும்?"

ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி. "பஸ் ஸ்ரொப்" என்றாள்.

"நல்லது. ஆக்கள் வந்து போறதைப் பாக்கலாம். எங்கடை வீட்டு யன்னலெல்லாம் பூட்டித்தான் இருக்கும்." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "நான் ஒண்டு கேக்கலாமோ? ஓமெண்டாலும் இல்லையெண்டாலும் கப்பலுக்கு முதல் நீங்களே எனக்குச் சொல்லுங்கோ. பத்மநாதன் சொல்லி எனக்குக் கேக்கவேண்டாம். இதுவரைக்கும் என்ரை சீவியத்திலை எல்லாம் வேறை ஆக்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறன்."

தெருவின் வளைவுக்கு அப்பால் ஒரு குரல் வந்தது. ஆளுக்கு முன்னால் குரல். "...இந்த மதில் முழுக்க ஒல்லாந்தர் காலத்து வேலை, டொக்டர். இதைப்பற்றி எங்கடை சங்கத்திலை நான் ஒரு கட்டுரை வாசிக்க இருக்கிறன்." அதற்குப் பின்னால் லலிதாவின் சலித்த "ஓஹோ".

குகதாசன் எழுந்து பொத்தானைப் பூட்டினான். பூட்டுப்படவில்லை. "அந்த வசனம் திரும்பச் சொல்லவேணுமோ?" என்றான்.

"வேண்டாம்."

செல்வரத்தினம் வளைவைத் தாண்டி வந்தார். பின்னால் சேஷாத்ரி குடும்பம். கடைசியில் தவநாயகி, கடதாசியில் சுற்றிய ஒரு துண்டுக் கேக்கோடு. செல்வரத்தினம் மகளைக் கண்டார். படியில், பட்டுச்சேலையில், யாரோ ஒருவனுடைய பழத்தைத் தின்றுகொண்டு. பிறகு அந்த மீசையைக் கண்டார். நீலத்திரை நினைவுக்கு வந்தது. அவர் மெதுவாகத் திரும்பி, இவ்வளவு நேரமும் தான் சம்பந்தி என்று நம்பிச் சரித்திரம் சொன்ன மனிதரைப் பார்த்தார். இப்போது உண்மையாகவே ஆச்சரியப்படவேண்டிய நேரம். புருவம் உயரவில்லை. கைகள் புத்தகத்தோடு தொங்கின. வாய் மட்டும் திறந்திருந்தது.

சேஷாத்ரி, இவனும் தெரிந்த முகமாக இருக்கலாமோ என்ற பழைய சங்கடத்தோடு குகதாசனிடம் போய், "நீங்களும் முட்டிக்குத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. கப்பலிலை வந்தனான்."

தவநாயகிதான் முதலில் சுதாரித்தாள். "இஞ்சருங்கோ, இப்ப ஆர் ஆர்?" என்றாள்.

சந்திரவதனா எழுந்தாள். தோடம்பழத் தோலை ஒன்றுசேர்த்து அவனுடைய பைக்குள் போட்டாள். விரல்களில் சிவப்பு ஒட்டியிருந்தது. மாம்பழ மஞ்சளில் ஒரு சொட்டு விழுந்து பரவியிருந்தது. தவநாயகியின் கண் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தச் சொட்டில் நின்றது.

"அப்பா, துறைமுகத்துக்குப் பஸ் நிக்குது. நான் இவரோடை போய், கப்பலிலை அனுப்பிப்போட்டு வாறன்."

"என்ன? ஆரோடை? ஆரின்ரை அனுமதியோடை?" குரல் வந்துவிட்டது, ஆனால் சங்கத்தில் வருகிற குரல் அல்ல. "அப்ப இது... சரிவந்ததோ, இல்லையோ?"

அவள் நின்றாள். எதையோ சொல்லப் போவதுபோல அவரைப் பார்த்தாள். பிறகு, "அதை முதல்லை இவருக்குத்தான் சொல்லவேணும். அப்பிடித்தான் கேட்டவர்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். குகதாசன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டான், பை முழங்கையில் ஊசலாட. பிறகு கிட்டத்தட்ட ஓடிப் போய் அவளோடு சேர்ந்துகொண்டான்.

செல்வரத்தினம் சில அடி பின்னால் போனார். முழங்கால் குத்தியது. தெரு வளைந்தது, முதலில் பழுப்பு சூட் மறைந்தது, பிறகு அரக்குக் கரை, கடைசியாக வெள்ளைச் சப்பாத்து. ஆட்கள் போய்விட்டார்கள். ஆனால் பேச்சு இன்னும் சுவரோடு நின்றது. அவள் என்னவோ சொல்கிறாள். அவன் கேட்கிறான். மறுபடி அவள். சொல் விளங்கவில்லை, சத்தம் மட்டும் கல்லில் உரசி உரசி வந்தது. செல்வரத்தினம் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் பின்னால் வந்தவர்களை மறித்தார்.

"ஸ்ஸ்" என்றார். "ஒருத்தரும் கதையாதேங்கோ."

சேஷாத்ரி வாயை மூடினார். பையன் வோக்மனைக் கழற்றினான். அந்த வளைவுக்கு அப்பால், எங்கேயோ வாசலுக்குக் கிட்ட, ஒரு சிரிப்பு கேட்டது. அது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு பஸ் எஞ்சின். செல்வரத்தினத்தின் வலது புருவம் மெல்ல மெல்ல உயர்ந்து, இறங்க மறந்து, அப்படியே நின்றது.